காகத்தைக் கண்டதும் 'சோகம்' என்று எழுதலாமா? – வான்கோவின் கோதுமை வயல்களை முன்வைத்து



ஓர் ஓவியத்தையோ கவிதையையோ கொடுத்து, "இதில் வெளிப்படும் உணர்வை விளக்குக" என்று கேட்டுப் பாருங்கள். நம் மாணவர்களில் பலர் ஒரே சொல்லில் விடையை முடித்துவிடுவார்கள். மேகம் கறுத்திருந்தால் சோகம். சூரியன் இருந்தால் மகிழ்ச்சி. காகம் பறந்தால் மரணம். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போயாச்சு!

இதைத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனால் இது பாதி விடைதான். உணர்வுக்குப் பெயர் வைப்பது திறனாய்வு ஆகாது. அந்த உணர்வு எந்த வழியாகப் படைப்புக்குள் வந்தது, வந்த பிறகு அது என்னவாக மாறியது என்று காட்டுவதுதான் திறனாய்வு. குறிப்பாக, துயரம், தனிமை, அச்சம் போன்ற கனமான உணர்வுகளை நிலக்காட்சி வழியாகச் சொல்லும் படைப்புகளில், இந்த 'மாற்றம்' என்ற பகுதியை நாம் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம்.

இதை விளக்க ஓர் ஓவியரை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் பிறந்து பிரான்ஸில் மறைந்த வின்சென்ட் வான்கோ. அவர் 1890 ஜூலையில் வரைந்த 'காகங்கள் பறக்கும் கோதுமை வயல்' இப்போது ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். கைப்பேசியில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

முதலில் கண், பிறகு கதை

ஓவியரின் வாழ்க்கையைச் சற்று நேரம் மறந்துவிட்டு, படத்தில் இருப்பதை மட்டும் பார்ப்போம்.

படம் மிக அகலமானது. உயரம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர், அகலம் ஏறத்தாழ 103 சென்டிமீட்டர். இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போன்ற வடிவம். நம் கண் ஓர் இடத்தில் நிற்காது, இடமும் வலமும் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே கருநீல வானம். கீழே ஆரஞ்சு கலந்த மஞ்சளில் முற்றிய கோதுமை. செம்பழுப்பு நிறத்தில் மூன்று பாதைகள். இடப்பக்கப் பாதையும் வலப்பக்கப் பாதையும் படத்தின் ஓரத்தில் வெளியே போய்விடுகின்றன. நடுப்பாதை வயலுக்குள் வளைந்து போகிறது, பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. மனிதர் இல்லை. வீடு இல்லை. காகங்கள் மட்டும் கூட்டமாகப் பறக்கின்றன. அவை நம்மை நோக்கி வருகின்றனவா, நம்மைவிட்டு விலகிப் போகின்றனவா? எவ்வளவு நேரம் பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வண்ணத்தையும் கவனியுங்கள். நீலமும் ஆரஞ்சு மஞ்சளும் எதிரெதிர் வண்ணங்கள். பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தூக்கிக் காட்டும். பாதையின் சிவப்புக்கு அதன் ஓரத்தில் இருக்கும் புல்லின் பச்சை அதே வேலையைச் செய்கிறது. ஆகவே இது மங்கிப்போன, சோர்ந்த படம் அல்ல. ஒவ்வொரு நிறமும் முழுக் குரலில் பேசுகிறது. துயரத்தைச் சொல்ல வந்த படம் என்றால், இவ்வளவு வெளிச்சம் எதற்கு? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் திறனாய்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படத்தை மூடிவிட்ட கதை

இனி, எல்லாரும் சொல்லும் கதைக்கு வருவோம். 'இதுதான் வான்கோவின் கடைசி ஓவியம். இதை வரைந்துகொண்டிருந்தபோதே அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காகங்கள் சாவின் தூதர்கள்.' 1956இல் வெளிவந்த 'லஸ்ட் ஃபார் லைஃப்' என்ற ஹாலிவுட் படமும் இந்தக் கதையைப் பரப்பியது. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை வேறு.

வான்கோ 1890 மே மாதம் பாரிஸுக்கு அருகிலுள்ள ஓவேர் என்ற சிற்றூருக்கு வந்தார். அங்கே ஏறத்தாழ 70 நாள்கள் வாழ்ந்தார். அந்த நாள்களில் ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் வரைந்தார். ஜூலை 29ஆம் நாள் மறைந்தார். காகங்கள் படத்தை வரைந்த பிறகும் அவர் வேறு படங்களை வரைந்திருக்கிறார். அவருடைய கடைசி ஓவியம் 'மர வேர்கள்' என்பதே இன்று அருங்காட்சியகத்தின் கருத்து. அதில் காகமும் இல்லை, கருமேகமும் இல்லை. ஒரு சரிவில் பின்னிக் கிடக்கும் வேர்களும் அடிமரங்களும் பச்சை இலைகளும்தான்.

'கடைசி ஓவியம்' என்ற கதையை நம்பிப் பார்ப்பவர் படத்தைப் பார்ப்பதில்லை. செய்தித்தாளில் வந்த ஒரு மரணச் செய்தியைத்தான் பார்க்கிறார். படைப்பாளியின் வாழ்க்கை நமக்கு உதவும், ஆனால் படைப்பைப் பார்த்த பிறகு. அதற்கு முன்னாலேயே அதைக் கொண்டுவந்து வைத்தால், அது கண்ணாடி ஆகாது, திரை ஆகிவிடும்.

ஓவியர் எழுதியது என்ன?

அந்த ஜூலை மாதத் தொடக்கத்தில் வான்கோ பாரிஸுக்குப் போய்த் தம் தம்பி தியோவின் குடும்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தியோவின் வேலை, பணம், குழந்தையின் உடல்நலம் என எல்லாமே கவலையாக இருந்தன. தம்பி அனுப்பும் பணத்தில் வாழ்ந்த அண்ணனுக்கு, தாம் ஒரு சுமையோ என்ற அச்சம். திரும்பி வந்தபின் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் ஒரு கடிதம் எழுதினார். தூரிகை கையிலிருந்து நழுவும் நிலையிலும் மூன்று பெரிய படங்களை வரைந்துவிட்டதாக அதில் சொல்கிறார். கலங்கிய வானத்தின் கீழே பரந்து கிடக்கும் கோதுமை வயல்கள் அவை. அவற்றில் துயரத்தையும் மிகக் கடுமையான தனிமையையும் சொல்ல முயன்றதாக அவரே குறிப்பிடுகிறார்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால், 'சோகம்' என்று எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். ஆனால் கடிதம் நிற்கவில்லை. அடுத்து அவர் சொல்வதன் சாரம் இது: நாட்டுப்புறத்தில் தாம் காணும் நலத்தையும் அது தரும் வலுவையும் சொற்களில் சொல்ல முடியவில்லை, இந்தப் படங்கள் அதைச் சொல்லும்.

பார்த்தீர்களா? அதே கடிதம், அதே படங்கள். துயரமும் தனிமையும் ஒரு பக்கம், நலமும் வலுவும் மறுபக்கம். ஒன்றை எழுதிவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், ஓவியர் சொன்னதில் பாதியை நாமே அழித்துவிடுகிறோம். முன்பு கேட்டோமே, 'இவ்வளவு வெளிச்சம் எதற்கு?' என்று. விடை இதுதான். துயரத்தோடு வயலுக்குப் போனவர், அந்த வயலின் வலுவையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்.

காகம் இல்லாத வயல்

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அதே நாள்களில், ஏறத்தாழ அதே அளவில், அவர் வரைந்த 'இடிமேகங்களின் கீழ் கோதுமை வயல்'. கடிதத்தில் சொன்ன படங்களில் இதுவும் காகங்கள் படமும் அடங்கும் என்பதே பொதுவான கருத்து. இந்தப் படத்தில் காகம் கிடையாது. பாதையும் கிடையாது. கீழே பச்சையும் மஞ்சளுமாக வயல். மேலே நீலமும் வெள்ளையுமாக மேகம் திரண்ட வானம். அவ்வளவே.

இப்போது சொல்லுங்கள். காகம்தான் துயரத்தின் அடையாளம் என்றால், காகமே இல்லாத இந்தப் படத்தில் துயரம் எங்கே இருக்கிறது? அந்த அகலத்தில் இருக்கிறது. கண் தங்கி இளைப்பாற ஒரு வீடோ ஒரு மனிதனோ இல்லாத வெளியில் இருக்கிறது. அதே வெளிதான் மூச்சுவிட இடமும் தருகிறது. தனிமையும் ஆறுதலும் ஒரே வெட்டவெளியிலிருந்து பிறக்கின்றன. இதைத்தான் 'உணர்வு உருமாறுகிறது' என்கிறோம். துயரம் மறையவில்லை, அதற்கு ஓர் இடமும் ஓர் எல்லையும் கிடைத்துவிட்டன.

அறுவடைக்காரன்: மாற்றம் நடக்கும் விதம்

மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை இன்னும் தெளிவாகக் காட்டும் படம் ஒன்று முந்தைய ஆண்டில் இருக்கிறது. 1889 மே முதல் ஓராண்டு வான்கோ, தெற்குப் பிரான்ஸில் சான் ரெமி என்ற ஊரின் மனநலக் காப்பகத்தில் தாமாகவே சேர்ந்து தங்கியிருந்தார். அவருடைய அறைச் சன்னலுக்கு இரும்புக் கம்பிகள். அதன் வழியே பார்த்தால் சுவர் சூழ்ந்த ஒரு கோதுமை வயல். அந்த வயலில் கதிர் அறுக்கும் ஒருவனை அவர் ஜூன் மாதக் கடைசியில் வரையத் தொடங்கினார். ஜூலையில் நோய் கடுமையாகத் தாக்கியது. பல வாரம் வேலை செய்ய முடியவில்லை. செப்டம்பரில் மீண்டும் அதே படத்தை எடுத்து வேலை செய்தார், புதிதாக இன்னொரு படியும் வரைந்தார்.

தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தைப் பற்றி அவரே விளக்குகிறார். அறுவடைக்காரனில் தாம் மரணத்தைக் கண்டதாகவும், அறுக்கப்படும் கோதுமை மனித குலம் என்றும் சொல்கிறார். கூடவே, இந்த மரணத்தில் சோகம் இல்லை, பொன்னொளி பாயும் பட்டப்பகலில் இது நடக்கிறது என்றும் சொல்கிறார்.

படத்தைப் பாருங்கள். மஞ்சள், மஞ்சள், எங்கும் மஞ்சள். வண்ணம் தடிப்பாக அப்பப்பட்டிருக்கிறது. கோதுமை அலையலையாகச் சுழல்கிறது. அதற்குள் ஒரு சிறிய உருவம். இந்தப் படத்தில் மூன்று வேலைகள் நடந்திருக்கின்றன.

1. விடுதல். சன்னல் கம்பிகள் படத்தில் இல்லை. கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தவர், நமக்குக் கம்பியைக் காட்டவில்லை. தம் நிலையைப் பற்றிப் புலம்ப அவருக்குக் கையருகே ஒரு சின்னம் இருந்தது. அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

2. அளவு மாற்றுதல். மரணம் என்ற பெரிய அச்சம், பரந்த வயலுக்குள் வேலை செய்யும் ஒரு சிறிய ஆள் ஆகிவிட்டது. அவன் நம்மைப் பார்க்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. தன் வேலையைச் செய்கிறான்.

3. பொழுதை மாற்றுதல். மரணம் என்றால் இருட்டு என்பது வழக்கம். இங்கே அது நண்பகல் வெயிலுக்கு வந்துவிட்டது. வெளிச்சத்தில் பார்க்கும்போது, அறுவடை என்பது ஆண்டுதோறும் நடக்கும் இயல்பான வேலை என்று தெரிகிறது.

விடுதல், அளவு, பொழுது. மூன்றுமே கண்ணால் பார்த்துச் சுட்டிக்காட்டக்கூடியவை. தேர்வில் எழுத நமக்கு வேண்டியதும் இதுதான்.

நம் திணைக் கோட்பாடு இங்கே உதவுமா?

தமிழ் இலக்கியம் படிக்கும் நமக்கு, நிலமும் உணர்வும் சேர்ந்து வருவது புதிதல்ல. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று படித்திருக்கிறோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, தொழில் முதலியவை கருப்பொருள். புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் ஆகியவை உரிப்பொருள். அகப்பாடலில் நிலம் வெறும் பின்னணி இல்லை, உணர்வைத் தாங்கும் உடம்பு அது.

இந்தக் கண்ணோடு வான்கோவைப் பார்த்தால் நல்ல கேள்விகள் கிடைக்கும். நிலம் எது? பொழுது எது? கருப்பொருள்கள் யாவை? ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அகப்பாடலில் நெய்தல் என்றதும் இரங்கல் நினைவுக்கு வருவதற்குக் காரணம், புலவரும் கேட்பவரும் பகிர்ந்துகொண்ட மரபு. வான்கோவுக்கும் அவர் படத்தைப் பார்ப்பவர்களுக்கும் இடையே அப்படி ஒரு மரபு இல்லை. கோதுமை வயல் என்றால் தனிமை என்று யாரும் விதி வகுத்து வைக்கவில்லை. ஆகவே அந்த உறவை அவர் ஒவ்வொரு படத்துக்குள்ளும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அகலத்தால், நிறத்தால், காணாமல் போகும் பாதையால் அவர் அதைக் கட்டினார்.

காகத்தை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நம் வீட்டில் காகம் கரைந்தால் பாட்டி என்ன சொல்வார்? "யாரோ விருந்தாளி வரப் போறாங்க!" முன்னோரை நினைத்துக் காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அப்படியிருக்க, காகம் என்றாலே சாவு என்று நாம் எப்படி எழுதலாம்? தனியே ஒரு கருப்பொருள் எந்த உணர்வையும் தானாகச் சொல்லாது. முதற்பொருளோடும் மற்றக் கருப்பொருள்களோடும் அது எப்படிச் சேர்கிறது என்பதுதான் உணர்வைத் தீர்மானிக்கும். முற்றிய வயல் இருக்கும் இடத்தில் காகம் இருப்பது இயல்பு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மெய்ப்பாடும் இங்கே கைகொடுக்கும். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகை, மருட்கை, அச்சம் ஆகிய மூன்றும் காகங்கள் படத்தில் ஒன்றாக நிற்கின்றன என்று வாதிடலாம். தனிமையில் அழுகை, திசை தெரியாத பறவைகளில் அச்சம், மஞ்சளின் ஒளியில் மருட்கை. ஒரே மெய்ப்பாட்டில் அடைக்க முடியாத படைப்புதான் நம்மை நெடுநேரம் நிற்க வைக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வான்கோவைப் பற்றிப் பேசும்போது, "வேதனைப்பட்டதால்தான் அவர் பெரிய கலைஞர் ஆனார்" என்று வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்ல வேண்டாம். நோய் தாக்கிய வாரங்களில் அவரால் வரைய முடியவில்லை. மனம் ஓரளவு தெளிந்த இடைவெளிகளில்தான் வரைந்தார். பல ஆண்டுப் பயிற்சியும், வண்ணங்களைப் பற்றிய படிப்பும், இடைவிடாத உழைப்பும் அந்தப் படங்களை உருவாக்கின. நோய் அவரிடமிருந்து வேலை நாள்களைப் பறித்தது, எதையும் கொடுக்கவில்லை.

அதேபோல, "மனசு சரியில்லையா? ஒரு படம் வரை, எல்லாம் சரியாயிடும்" என்றும் சொல்லிவிடக் கூடாது. ஓவியம் அவர் துயருக்கு வடிவம் கொடுத்தது. அவர் உயிரைக் காப்பாற்றவில்லை. இரண்டும் உண்மை. வரைவதும் எழுதுவதும் பேச ஒரு வாசலைத் திறக்கும். அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் கேட்க ஒரு மனிதர் இருக்க வேண்டும். உங்கள் மாணவர் எழுதிய கட்டுரையிலோ வரைந்த படத்திலோ கனமான ஏதாவது தென்பட்டால், மதிப்பெண் போட்டு மூடி வைத்துவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து பேசுங்கள். தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, உங்களுக்கும் இதுவே: மனம் கனத்தால், வரையுங்கள், எழுதுங்கள், ஆனால் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் வாய்விட்டும் சொல்லுங்கள்.

விடையில் எப்படி எழுதுவது?

பொதுவாக வரும் விடை இப்படி இருக்கும்:

"இந்த ஓவியம் ஓவியரின் சோகத்தைக் காட்டுகிறது. கறுப்புக் காகங்கள் மரணத்தைக் குறிக்கின்றன. வானம் இருண்டிருப்பதால் அவர் மனமும் இருண்டிருக்கிறது."

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"மனிதரோ வீடோ இல்லாத அகன்ற வெளியும், வயலுக்குள் சென்று மறையும் பாதையும் தனிமையை உணர்த்துகின்றன. எனினும், கருநீல வானத்துக்கு எதிரே முற்றிய கோதுமையின் மஞ்சள் முழு ஒளியோடு நிற்கிறது. எனவே, இவ்வோவியம் துயரத்தைச் சொல்வதோடு நிற்காமல், அத்துயரத்தை நிலத்தின் வலுவுக்கு எதிரே நிறுத்திப் பார்க்கிறது."

வேறுபாடு புரிகிறதா? முதல் விடையில் 'குறிக்கிறது' என்ற சொல்லே எல்லா வேலையையும் செய்கிறது. இரண்டாவது விடையில் சான்று இருக்கிறது, 'எனினும்' என்ற திருப்பம் இருக்கிறது, 'எனவே' என்ற முடிவு இருக்கிறது. அந்த 'எனினும்' மிக முக்கியம். உணர்வு உருமாறும் இடத்தை அது சுட்டுகிறது. கவிதை நயம் எழுதும்போதும் இதே முறை செல்லும்.

பயிற்சிக்கு ஒரு படம்

ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கிலேய ஓவியரின் 'ஹாட்லி கோட்டை' என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள ஓர் இடிந்த கோட்டை அது. 1814இல் அங்கே போனபோது பென்சிலால் ஒரு சிறு கோட்டோவியம் வரைந்து வைத்திருந்தார். 1828 நவம்பரில் அவர் மனைவி மரியா காசநோயால் இறந்தார். ஏழு பிள்ளைகளோடு தனித்து நின்ற கான்ஸ்டபிள், பழைய கோட்டோவியத்தை எடுத்துப் பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாக வரைந்து 1829இல் காட்சிக்கு வைத்தார். கண்ணெதிரே இருந்த நிலத்தை அவர் வரையவில்லை. துயரத்துக்குப் பொருந்தும் நிலத்தைப் பதினைந்து ஆண்டு பின்னோக்கிப் போய்த் தேடி எடுத்தார்.

மாணவர்களே, இந்தப் படத்தைப் பார்த்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. துயரத்தை உணர்த்தும் கூறுகள் எவை? படத்தில் அவை இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டுக.
2. அத்துயரத்துக்கு எதிராக நிற்கும் கூறு எது? (துப்பு: இடிந்த கோபுரத்தை மட்டும் பார்க்காமல், தொலைவில் கடல்மேல் விழும் ஒளியையும், ஆட்டிடையனையும் அவன் நாயையும் பாருங்கள்.)
3. இவ்விரண்டையும் 'எனினும்' என்ற சொல்லால் இணைத்து 80 சொற்களில் ஒரு பத்தி எழுதுக.

ஆசிரியர்கள் முடிந்தால் கலை ஆசிரியரோடு சேர்ந்து இந்தப் பாடத்தை நடத்திப் பாருங்கள். மரியாவின் இறப்பைப் பற்றி மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டாம். முதல் விடையை எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள். அதன் பின்னர் அவர்கள் எதைத் திருத்துகிறார்கள், எதை அப்படியே விடுகிறார்கள் என்று கவனியுங்கள். அடுத்த வகுப்பில் கலந்துரையாட அதுவே போதும்.